கப்பல் தாத்தாவின் பாக்கி

2016ஆம் வருஷம் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியப்பா வீட்டு வாசலில், அவருடைய பேரன் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. பெரியப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. பைக் என்றாலே அவருக்குப் பிடிக்காது. காலை ஊன்றாமல் நிற்கத் தெரியாத வண்டி எதற்கு என்பார்.

“தாத்தா, இது பஜாஜ் வி. உங்க கப்பலை உடைச்ச இரும்புல செஞ்சது” என்றான் பேரன்.

பெரியப்பா இறங்கி வந்தார். செருப்புகூடப் போடவில்லை. பெட்ரோல் டேங்க்கை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். குனிந்து மோந்து பார்த்தார். வீடே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“பாய்லர் ரூம் தகடு இல்ல. அதுவா இருந்தா இந்நேரம் கை வெந்துருக்கும்லா” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். பெரியம்மா மட்டும் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கற்பூரத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் வரை போய்விட்டு வந்தார்கள். திரும்பி வந்தவர் டேங்க்கைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார். அன்று மதியச் சாப்பாட்டின்போது அவர் அதிகம் பேசவில்லை.

அந்தக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த், இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பல். 1961 மார்ச் 4ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் நகரில் கடற்படையில் சேர்ந்து, 1997 ஜனவரி 31ஆம் தேதி ஓய்வு பெற்றது. பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2012இல் பாதுகாப்பு இல்லை என்று அதையும் மூடினார்கள். 2014இல் ஏலம் போனது. காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு தோற்று, அந்த வருஷக் கடைசியில் கப்பலை உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் கொஞ்சத்தை வாங்கித்தான் பஜாஜ் கம்பெனி பைக்குக்குள் சேர்த்தது. மூன்று வருஷத்துக்கும் மேலாக அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் நீராவியைப் பார்த்துக்கொண்டு நின்றவர் எங்கள் பெரியப்பா.

சென்ற ஆவணியில் அவர் போய்ச் சேர்ந்தார். வயது 79. டிசம்பர் 4 கடற்படை தினம் வரும் இந்த வாரத்தில், பெரிய பதவி எதிலும் இருந்திராத ஒரு மாலுமியைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1971இல் பாகிஸ்தானோடு நடந்த போரைப் பற்றிய புத்தகங்களில் அட்மிரல்கள் இருக்கிறார்கள், கப்பல்கள் இருக்கின்றன. பாய்லர் முன்னால் நின்றவனும் அவனுக்காக ஊரில் காத்திருந்தவளும் அவற்றில் இல்லை.

பெரியப்பாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம். தாமிரவருணியில் நீந்தி வளர்ந்தவர். 1962இல் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பதினாறு வயதில் அரைக்கால் சட்டையோடு போய் வரிசையில் நின்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்கு, “ஆறு தெரியும்” என்று பதில் சொன்னாராம். இதை எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரியின் முகம் போன போக்கைப் புதிதாக நடித்துக் காட்டுவார்.

அவருடைய அம்மாவுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். வேறு கடல் உண்டென்று அந்த ஆச்சிக்குத் தெரியாது. “நீயும் கடலோரத்துலதானே இருக்கே, எம்மவனையும் கொஞ்சம் பாத்துக்கோ” என்று செந்திலாண்டவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாளாம். விசாகப்பட்டினத்தில் பையன்களுக்கான பயிற்சி. பிறகு லோனாவ்லாவில் ஐஎன்எஸ் சிவாஜி, அங்கே இயந்திரப் படிப்பு. கடலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவனை மலைமேல் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள் என்று அதையும் ஒரு கதையாக வைத்திருந்தார். சின்னச் சின்னக் கப்பல்களில் சில வருஷம். 1969இல் விக்ராந்த்.

வேலை, ஸ்டோக்கர். நிலக்கரி காலத்தில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர்களின் பெயர் அது. எண்ணெயில் எரியும் பாய்லர் வந்த பிறகும் கப்பலுக்குள் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விக்ராந்தில் நான்கு பாய்லர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் கொண்ட அந்த மிதக்கும் ஊரில், மேல்தளத்தில் விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பவர்கள் ஒரு வகை. கீழே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. “எங்களுக்கு வானம் தெரியாது, முள்ளு தெரியும்” என்பார். அழுத்தமானியின் முள்ளைச் சொல்கிறார்.

1970இல் கல்யாணம். கல்யாணம் முடிந்த பதினெட்டாம் நாள் கப்பலுக்குத் திரும்பியாயிற்று. பெரியம்மா ஸ்ரீவைகுண்டத்தில் மாமியாரோடு.

1971 கோடையில் விக்ராந்தின் பாய்லரில் ஏற்கெனவே விரிசல் இருந்தது. வெளிநாட்டு உதிரிபாகம் வாங்கிச் சரிசெய்ய நேரம் இல்லை. கிழக்கு வங்காளத்தில் போர் மேகம் கூடிக்கொண்டிருந்தது. பாய்லரை எஃகுப் பட்டைகளால் சுற்றிக் கட்டி, நீராவி அழுத்தத்தைக் குறைத்து, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கப்பலைக் கிழக்கே அனுப்பினார்கள். விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகம் எதற்கு என்று கேட்டால், பெரியப்பா எழுந்து நின்று விளக்குவார். அதன் தளம் சின்னது. விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும். காற்று வீசாத நாளில் கப்பல்தான் ஓடிக் காற்றை உண்டாக்க வேண்டும். கப்பல் ஓட நீராவி வேண்டும். “மேலே ஒருத்தன் பறக்கான்னா, கீழே ஒருத்தன் வேர்க்கான்.” இந்த வரியைச் சொல்லிவிட்டுப் பெரியம்மாவைப் பார்ப்பார். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

அந்தக் கோடையில் விக்ராந்த் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. சென்னையில் ஏறினால் ஒரு ராத்திரி ரயிலில் ஊர். பெரியம்மா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். லீவு கிடைக்கவில்லை. துறைமுகத்திலிருந்து எழும்பூர் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று எங்களிடம் அவர் பல தடவை கேட்டிருக்கிறார். பதிலும் அவரே சொல்வார்: “நடந்தாலே ஒரு மணி நேரம் ஆகாது.”

கிழக்குக் கடற்படைக்கு அப்போது தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், 1919இல் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். இரண்டாம் உலகப் போரிலேயே வீரத்துக்கான பதக்கம் வாங்கியவர். பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் காஸி, விக்ராந்தைத் தேடிக் கராச்சியிலிருந்து கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். நொண்டிக்கொண்டிருக்கும் கப்பலை எங்கே ஒளிப்பது? நவம்பரில் விக்ராந்த் அந்தமானுக்குப் போனது. மனித நடமாட்டம் இல்லாத ஒரு வளைகுடாவில், யாருக்கும் இடம் தெரியாமல் நங்கூரம் பாய்ச்சியது.

கப்பல் விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று எதிரியை நம்பவைக்க கிருஷ்ணன் செய்தவற்றை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பெரிய கப்பல் கூட்டத்துக்குத் தேவையான அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் விசாகப்பட்டினத்தில் கொள்முதல் செய்யச் சொன்னார். ஒற்றர்கள் பார்க்கட்டும் என்றுதான். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற பழைய கப்பலை வெளியே அனுப்பி, விக்ராந்த் பேசுவதுபோல ரேடியோவில் பேசவைத்தார். இன்னொன்றும் செய்தார். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர், தன் தாய்க்கு உடம்பு மிகவும் முடியவில்லை என்று கேள்விப்பட்டு விவரம் கேட்பதுபோல ஒரு செய்தி, சங்கேதம் எதுவும் இல்லாமல் காற்றில் போனது.

காஸி நவம்பர் 23 வாக்கில் சென்னைக்கு வெளியே தேடியது. பிறகு விசாகப்பட்டினத்துக்குப் போனது. டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, துறைமுக வாய்க்கு அருகே வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் போட்ட வெடிகள்தான் காரணம் என்கிறது இந்தியா. தற்செயலான வெடிப்பு என்கிறது பாகிஸ்தான். அந்த டிசம்பர் 4ஆம் தேதி, வங்காள விரிகுடாவில் நின்ற விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் எழும்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் மேலே. எங்கள் பெரியப்பா கீழே, முள்ளைப் பார்த்துக்கொண்டு.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் பெரியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொள்ளுத் தாத்தா நடந்தே போய்ப் போஸ்ட் ஆபீசில் கடிதம் போட்டார். கப்பல் இருக்கும் இடமே ரகசியமாக இருந்த நாட்களில் கடிதம் எங்கே போகும்? ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் தினம் சாயங்காலம் பெரியம்மாவின் மாமனார் உட்கார்ந்திருப்பார். விக்ராந்த் மூழ்கிவிட்டது என்று ஒரு நாள் யாரோ வதந்தி கொண்டுவந்தார்கள். அதைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தெருவே முடிவு செய்தது. தெருவே முடிவு செய்ததால் பெரியம்மாவுக்கும் தெரிந்துபோனது. பச்சை உடம்புக்காரி, பத்து நாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் சரணாகதி. அந்தப் புகழ்பெற்ற படத்தில், கையெழுத்துப் போடும் மேஜைக்குப் பின்னால் நிற்பவர்களில் வெள்ளுடையில் கிருஷ்ணன் இருக்கிறார். பெரியப்பாவுக்குக் குழந்தை பிறந்த செய்தி கிடைத்தது டிசம்பர் கடைசியில். ஒரே கட்டாக நான்கு கடிதங்கள். கடைசிக் கடிதத்தை முதலில் பிரித்துவிட்டார். அதில், “பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது” என்று எழுதியிருந்தது. எந்தப் பாப்பா என்று ஒரு நிமிஷம் விளங்கவில்லையாம்.

கிருஷ்ணன் எழுதிய போர் நூல் 1980இல் வந்தது. பெரியப்பாவுக்குப் படிக்கக் கிடைத்தது எத்தனையோ வருஷம் கழித்து, தாம்பரத்தில் முன்னாள் படைவீரர்கள் கூடிய ஒரு தேநீர் விருந்தில். அதில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற அந்தப் பொய்ச் செய்தியைப் பற்றிப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது நான் அங்கே இருந்தேன். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

“இல்லாத ஒருத்தனோட அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு கப்பற்படையே கவலைப்பட்டிருக்கு. எம்பொண்டாட்டிக்கு வலி எடுத்தது எனக்குத் தெரிய ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுடே.”

பெரியம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். “அந்தப் பொய்யச் சொல்லலன்னா?” என்றார்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை.

“சொல்லலன்னா பாப்பாக்கு அப்பா இல்ல. சாப்பிடுங்க.”

அந்த இரண்டு வாக்கியத்தில் பெரியம்மா அந்தப் போரை எழுதி முடித்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கப்பலின் பெயரில் போன ஒரே வீட்டுச் செய்தி போலியாக இருந்ததால்தான் நிஜமான வீடுகளுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

பதினைந்து வருஷ சேவை முடித்து 1977இல் பெரியப்பா வெளியே வந்தபோது வயது 31. ராணுவத்தில் ‘ஓய்வு’ என்ற சொல் இப்படித்தான் விசித்திரமாக வேலை செய்கிறது. மற்றவர்கள் வாழ்க்கையைத் தொடங்கும் வயதில் மாலுமிக்குப் பென்ஷன் புத்தகம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதினைந்து தீபாவளியில் அவர் வீட்டில் இருந்தது மூன்று. மூத்தவள் முதலில் நடந்தது, இரண்டாவது பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது, அவருடைய அம்மா இறந்தது எல்லாவற்றுக்கும் அவர் கடலில் இருந்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கும் வேலை கிடைத்தது. தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அது. நீராவி அவரை விடவில்லை. ஆனால் இந்த பாய்லர் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பியது.

1983இல் பீர்க்கன்கரணையில் ஒரு கிரவுண்ட் நிலம் வாங்கினார். அப்போது இது கிராமம்தான். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலை, பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வர வேண்டும். வண்டலூரில் உயிரியல் பூங்கா வந்த பிறகு, காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் விடியற்காலைகளில் சிங்கம் உறுமுவது கேட்கும். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்தவர்கள், ரயில்வேக்காரர்கள், தென்மாவட்டங்களிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள் என்று மனை மனையாக வந்து சேர்ந்தார்கள். ஏன் இவ்வளவு தள்ளி வாங்கினீர்கள் என்று கேட்டால், “ஊருக்குப் போற ரயில் முதல்ல நம்மளத் தாண்டித்தான் போகணும்” என்பார். எழும்பூருக்கு நடக்க முடியாமல் போன அந்தக் கோடை அவருக்குள் இருந்திருக்க வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பார்த்த பெரியப்பா. ‘பாக்கி’ என்பது அவருடைய சொல். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா என்றால் முதல் வரிசையில் முதல் நாற்காலி. “பாக்கி கெடக்குல்லா” என்பார். வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் பந்தல் போடுகிறவர்கள் வரும் முன்பே வந்துவிடுவார். பந்தல்காரரின் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தன் முடிச்சைப் போடுவார். எவ்வளவு இழுத்தாலும் இறுகாத, ஒரு விரலால் தள்ளினால் அவிழ்ந்துவிடும் மாலுமி முடிச்சு அது. பெரியம்மாவின் துணிக்கொடி, ஊஞ்சல், கிணற்று வாளி எல்லாவற்றிலும் அந்த முடிச்சுதான். பேரப்பிள்ளைகளில் யாருக்காவது ஜுரம் என்றால் ராத்திரி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். கப்பலில் காவல் மாறும் கணக்கு அது. ஒரு சிலேட்டில் ஜுரத்தின் அளவை எழுதி வைத்திருப்பார். டாக்டர் அந்தச் சிலேட்டைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் நர்ஸ் யார் என்று கேட்டிருக்கிறார்.

மூத்த மகளின் பிறந்தநாள் அன்று விடியற்காலை ஆறு மணிக்கு அவர்தான் முதலில் வாழ்த்துவார். கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போன பிறகு போனில். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்த ஒரு பிள்ளையிடம் மட்டும் அவர் விளையாட்டாகக்கூடக் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

அவர் சிரிப்பைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை நகராது. நகைச்சுவைத் துணுக்கு சொல்கிற சிரிப்பு இல்லை அது. நெருக்கடியில் மற்றவர்களின் கையைக் காலை ஓடவைக்கிற சிரிப்பு. நூறு பேர் நெருக்கிக்கொண்டு தூங்குகிற, வெயில் படாத, எண்ணெய் வாடை அடிக்கிற இடத்தில் மாதக்கணக்கில் இருப்பவர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பக்கத்துத் தொட்டிலில் இருப்பவனுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். “கப்பல்ல சிடுமூஞ்சி, ஓட்டை மாதிரி” என்பார்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரில் முதல் மாடி வரை தண்ணீர். எங்கள் தெருவில் இடுப்பளவு. மின்சாரம் போய், போன் செத்து, எல்லாரும் மொட்டை மாடியில் நின்றோம். 69 வயதுப் பெரியப்பா, விளக்குக் கம்பத்திலிருந்து தெருக்கோடி வேப்பமரம் வரை ஒரு கயிற்றைக் கட்டினார். இழுவை இருந்த இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் கைக்குழந்தைக்காரிகளும் வயதானவர்களும் மேட்டுக்குப் போனார்கள். அவரும் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒவ்வொருவர் தாண்டும்போதும், “டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாவு பயத்தில் வந்தவர்கள் அந்தக் கேள்வியில் சிரித்துவிட்டுத் தாண்டினார்கள். கடற்படையின் ஐஎன்எஸ் ஐராவத் நிவாரணப் பொருட்களோடு சென்னைக்கு வந்துவிட்டது என்றும், மூழ்கிப்போன விமான நிலையத்துக்குப் பதிலாக அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளித் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விடுகிறார்கள் என்றும் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தபோது, தானே அனுப்பிவைத்ததுபோல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

எட்டு வருஷம் கழித்து மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, அதுவும் கடற்படை தினம். பெருங்களத்தூருக்கும் நெடுங்குன்றத்துக்கும் நடுவே சாலையில் ஒரு முதலை கடந்துபோன காணொளி அன்று எல்லார் போனுக்கும் வந்தது. அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் முதலைகள் இருப்பது பழையவர்களுக்குத் தெரியும். புது அடுக்குமாடிக்காரர்கள் நடுங்கிப் போனார்கள். பெரியப்பா வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டு, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, “பயப்படாதீங்க, கடற்படை தினத்துக்கு வந்த விருந்தாளி, நான்தான் கூப்பிட்டேன்” என்றார். தெருப் பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள். ‘கப்பல் தாத்தா’ என்று அவரைக் கூப்பிட்ட அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இன்னமும் நம்புகிறான்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் விளையாட மாட்டார். டிசம்பர் 9. 1971இல் அந்த ராத்திரி, டையூவுக்கு அப்பால் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்க வழியிருந்தும் கப்பலோடு போனார். விசாகப்பட்டினத்தில் பெரியப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பையன் ஒருவன் அதன் இயந்திர அறையில் இருந்தான். கீழே இருக்கிறவர்களுக்கு ஏணி ஏற நேரம் கிடைத்திருக்காது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு கிடையாது. பெரியம்மாவும் அடுப்பு மூட்ட மாட்டார். எங்களுக்கு இட்லி வெளியிலிருந்து வரும்.

2016 ஜூலை 22ஆம் தேதி தாம்பரம் விமானப்படை நிலையத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன் 32 விமானம் 29 பேரோடு கடல்மேல் காணாமல் போனபோதும் அவர் அப்படித்தான் ஆனார். எங்கள் மொட்டை மாடிக்கு மேலே பறந்து பழகிய விமானம். தேடல் நடந்த வாரங்களில் பேப்பரை முதலில் அவர்தான் பிரிப்பார். கடலின் அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைசல்கள் அந்த விமானத்தினுடையவைதான் என்று 2024 ஜனவரியில் தெரியவந்தது. “சரி, இனிமே அவங்க வீட்டுல வாசலப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க” என்றார் பெரியப்பா. பெரியம்மா, “அப்பவும் பாப்பாங்க” என்றார்.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் புது விக்ராந்த் கடற்படையில் சேர்ந்த நிகழ்ச்சியை டிவியில் பார்க்க, காலையிலேயே முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தியாவிலேயே கட்டிய முதல் விமானம் தாங்கிக் கப்பல். 262 மீட்டர் நீளம், சுமார் 45,000 டன். பழைய விக்ராந்த் முழுப் பாரத்தோடும் 20,000 டன்னைத் தொடாது. கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். கடற்படையை விட்டு வந்த பிறகு வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் தலைமை வகித்த அதே நிறுவனம். அவர் 1982இல் காலமாகிவிட்டார். அவருடைய சுயசரிதையை அவர் மகன் பின்னால் வெளியிட்டார். அப்பாவின் கதையை மகன் புத்தகமாக்கியது பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்து, “நீயும் எழுதுத ஆளுதானே” என்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்தப் பாக்கி என்னுடையது.

டிவியில் கப்பலின் உள்ளே காட்டினார்கள். நான்கு கேஸ் டர்பைன்கள். பேரன் போனில் தேடிப் படித்துச் சொன்னான்: “தாத்தா, இதுல பாய்லரே கிடையாது.”

பெரியப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ ஸ்டோக்கருக்கு லீவு கெடைக்கும்” என்றார்.

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நடை குறைந்துவிட்டது. மருந்து வாங்க தாம்பரத்துக்குப் போவது ஆட்டோவில். படைவீரர் கேன்டீனுக்கு மாதம் ஒருமுறை பேரனின் பைக்கில், விக்ராந்த் டேங்க்குக்குப் பின்னால். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கு நவம்பரில் சான்று கொடுக்க வேண்டும், விரல் ரேகையை இயந்திரத்தில் வைத்து. கயிறும் இரும்பும் பிடித்த விரல்கள், ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. கட்டைவிரல், ஆள்காட்டி, மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். அங்கே இருக்கும் பெண் தவித்துப் போவாள். “பரவால்லம்மா, நான் உயிரோட இருக்கேன்னு நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, சுண்டுவிரல் சொன்னா நம்புவாங்க” என்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும். பக்கத்தில் மஞ்சப்பையோடு நிற்கும் பெரியம்மா சிரிக்க மாட்டார். ஐம்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவருடைய நகைச்சுவைக்குப் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பெரியப்பா அதைப் பற்றிக் குறைப்பட்டதும் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். படைவீரர் சங்கத்திலிருந்து ஆறு பேர் கோட்டுப் போட்டு வந்து விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவருக்குக் கை நடுங்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள்.

இந்த நவம்பரில் குடும்பப் பென்ஷன் வேலைக்காகப் பெரியம்மாவை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அதே மஞ்சப்பை, அதே வரிசை. இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலும் ஏற்கவில்லை. ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல்கள். அந்தப் பெண், “பாட்டி, கையைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை வைங்க” என்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

பெரியம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நான் உயிரோட இருக்கேன்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இருங்க, சுண்டுவிரலக் கேப்போம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. பெரியம்மா திரும்பி, பக்கத்தில் நின்ற என் முகத்தைப் பார்த்தார்.